தம்பி மகளுக்கென்று சொன்ன கடிகாரம்

எலிசாள் அன்றைக்கும் சுற்றுவழியில்தான் போனாள். மணக்காட்டில் அவள் குடியிருந்த வீட்டிலிருந்து கோட்டைக்குள் போக நேர்வழி ஒன்று உண்டு. அதில் போயிருந்தால் வெயில் ஏறும் முன்பே போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் அவள் கால்கள் சாலைக் கடைத்தெருவுக்குள் இழுத்துக்கொண்டு போயின. அரிசி மூட்டைகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே புகுந்து, கிழக்கேகோட்டை வாசலை ஒட்டியிருந்த பகவதிப்பெருமாள் பிள்ளையின் கடிகாரக் கடைக்கு முன்னால் வந்ததும் நடை தானாகத் தளர்ந்தது. கண்ணாடிப் பெட்டியில் இரண்டாவது தட்டைப் பார்த்தாள். அது அங்கேயே இருந்தது. பிறகு யாரோ துரத்துகிறாற்போல விறுவிறுவென்று நடந்தாள்.

அது பெண்கள் கட்டுகிற கைக்கடிகாரம். சுவிட்சர்லாந்தில் செய்தது. புளியங்கொட்டை அளவுக்கு நீள்சதுர முகம்; அதைச் சுற்றித் தங்கம். பட்டையும் தோல் அல்ல, தங்கம்தான். முடி போன்ற கம்பிகளைப் பாய் முடைவதுபோல முடைந்திருந்தார்கள். விலை நூற்றெண்பது ரூபாய். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அதை வாங்க நினைத்தால் முக்கால் வருஷம் சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்க வேண்டும்.

எலிசாளுக்கு மணி பார்க்க வேறு கடிகாரம் இல்லாமலில்லை. தோளில் ஊசி குத்தி மாட்டிய நிக்கல் கடிகாரம் ஒன்று இருந்தது. நெய்யூரில் மருத்துவச்சி படிப்பு முடித்தபோது வாங்கியது. இருபது வருஷமாக அதை வைத்துத்தான் நாடி பார்த்தாள். குழந்தைகள் பிறந்த நேரத்தைச் சொன்னாள். கோட்டைக்குள் அக்கிரகாரத்து வீடுகளிலும், சாலை வியாபாரிகளின் வீடுகளிலும், மணக்காட்டு முஸ்லிம் வீடுகளிலும் பிரசவம் என்றால் நர்ஸம்மா எலிசாளைத்தான் கூப்பிடுவார்கள். அந்த நிக்கல் கடிகாரம் ஒரு நாளும் அவளை ஏமாற்றியதில்லை.

அவளுக்கு வேண்டியிருந்தது மணி அல்ல, பொன்.

இதை அவள் தன்னிடமே ஒத்துக்கொள்ள ரொம்ப நாள் ஆயிற்று. தக்கலைக்கு மேற்கே ஒரு சின்னச் சபையில் அவள் தகப்பனார் உபதேசியாராக இருந்தவர். விசுவாசிகள் நகை போடக்கூடாது என்பதில் அவரைப்போலக் கறாரானவர் அந்தப் பக்கத்திலேயே இல்லை. எலிசாளுக்குக் காது குத்தவில்லை. சிறுமியாக இருந்தபோது சந்தையில் வளையல்காரன் ஒரு பித்தளை வளையலைச் சும்மா மாட்டிவிட்டான். அப்பா அதைக் கழற்றச் சொல்லவில்லை. குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், நீயே எறி என்றார். எறிந்தாள். இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. தகப்பனார் போய்ச் சேர்ந்த பிறகு தம்பியின் குடும்பத்துக்குப் பணம் அனுப்பியதும், அவன் பிள்ளைகளைப் படிக்க வைத்ததும், ஓலைவீட்டை ஓட்டுவீடாக்கியதும் அவள்தான். இதற்கிடையில் அவள் தொழிலில் ஒரு விசித்திரம் இருந்தது. வலி ஏறியதும் பெண்கள் வளையல்களைக் கழற்றி அவள் கையில்தான் கொடுப்பார்கள். ஊரிலுள்ள பெண்களின் பொன்னெல்லாம் ஒருமுறையாவது அவள் மடியில் இருந்திருக்கிறது, அணிந்தவளின் உடல்சூடு ஆறாமல். பிறகு திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

கடிகாரம் நகை இல்லை. பாதிரியாரும் கட்டுகிறார், பாதிரியாரின் சம்சாரமும் கட்டுகிறாள். இந்த ஓட்டை கண்ணில் பட்ட நாளிலிருந்து எலிசாளுக்கு உட்கார்ந்த இடத்தில் உட்காரப் பிடிக்கவில்லை.

பங்குனி மாதம் ஒருநாள் கடைக்குள் ஏறிவிட்டாள். பிள்ளை நாஞ்சில் நாட்டுக்காரர், வெற்றிலை போட்ட வாய், நிதானமான மனிதர். கடிகாரத்தை எடுத்துச் சிவப்பு வெல்வெட் துணியில் வைத்தார். மொத்தமாகப் பணம் இல்லை, கேஸுக்குக் கேஸ் கிடைப்பதைக் கொண்டுவந்து தருகிறேன், எடுத்து வைப்பீர்களா என்று அவள் கேட்டாள். பாங்குகளில் யாருக்கும் நம்பிக்கை இல்லாத காலம் அது. பிள்ளைக்கும் அது புரிந்தது. சம்மதித்தார். பிறகு சாதாரணமாக, யாருக்கு என்று கேட்டார்.

எனக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பிள்ளையின் கண்கள் அவளுடைய வெள்ளைப் புடவையையும், மூளிக் காதுகளையும், நரை ஓடிய வகிட்டையும் பார்த்துக்கொண்டிருந்தன.

"தம்பி மகளுக்கு. கல்யாணம் வருது," என்றாள்.

"நல்ல காரியம்," என்றார் பிள்ளை. கடிகாரத்தை உள் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

வெளியே வந்து பழவங்காடி வரைக்கும் நடந்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்பது அவளுக்கு உறைத்தது. திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாமா என்று நின்றாள். ஒரு கைவண்டிக்காரன் ஒதுங்கச் சொல்லிக் கத்தினான். ஒதுங்கினாள். போகவில்லை.

அதன் பிறகு அவள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. முன்பெல்லாம் வேண்டாம் என்று விடுகிற தூரத்துக் கேஸ்களை ஒத்துக்கொண்டாள். வித்துராவில் ஒரு கடைக்காரரின் மனைவிக்குப் பிரசவம் பார்க்கப் பஸ்ஸில் தூக்கி அடித்துக்கொண்டு போய், இரண்டு நாள் காத்திருந்து, திரும்பிய கையோடு காக்கிப் பையுடன் நேரே பிள்ளையின் கடைக்குப் போனாள். பணத்தைக் கொடுத்ததும் கடிகாரத்தை ஒருமுறை காட்டச் சொல்வாள். பிள்ளை எடுத்து வைப்பார். தொடமாட்டாள். பார்த்துவிட்டு, சரி வையுங்கள் என்பாள். வீட்டுக்கு வந்தால், அது அலமாரியில் இருக்கிறதா, வேறு யாருக்காவது காட்டியிருப்பாரோ, அலமாரிக்குப் பின்னால் சுவரில் ஈரம் இருந்ததே, முள் துருப்பிடிக்குமோ என்று யோசனை ஓடும். கஞ்சி அடுப்பில் இருக்கும்போதே எழுந்து வாசலுக்கு வருவாள், ஏன் வந்தோம் என்று தெரியாமல் உள்ளே போவாள்.

ஓணம் கழிந்த சில நாட்களில் கோட்டைக்குள் ராமசுப்ரமணியன் வீட்டில் பிரசவம். ராமசுப்ரமணியன் அரசாங்கத் தலைமை அலுவலகமான ஹஜூர் கச்சேரியில் உத்தியோகம் பார்ப்பவர். அவர் மனைவி விஜயலக்ஷ்மிக்கு இது தலைப்பிள்ளை. எலிசாள் வழக்கம்போலக் கொல்லைப்புறமாக வந்து பிரசவ அறைக்குள் இருந்தாள். வாசல் அறையில் ராமசுப்ரமணியன் பதற்றத்தை மறைக்கப் பத்திரிகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். ஐரோப்பாவில் யுத்தம் மூண்டுவிட்டது. இனிமேல் சீமைச் சாமான் ஒன்றும் கப்பலேறி வராது, இருப்பதெல்லாம் தங்க விலைக்குப் போகும் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார்.

எலிசாளின் கை ஒரு கணம் நின்றுவிட்டது. விஜயலக்ஷ்மி வலியில் அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். "நர்ஸம்மா, எங்கே போறேள்? இங்கே பாருங்கோ," என்றாள். எலிசாள் எங்கும் போகவில்லை, அவள் பக்கத்தில்தான் இருந்தாள். ஆனாலும் அந்தப் பெண் கண்டுபிடித்துவிட்டாள். எலிசாளுக்கு முகம் சுட்டது. இருபது வருஷத்தில் ஒரு பெண்ணும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. "இங்கதாம்மா இருக்கேன், உன்கூடத்தான் இருக்கேன்," என்று சொல்லி, அதற்கப்புறம் குழந்தையின் தலை கைக்கு வரும் வரை வேறு எதையும் நினைக்காமலிருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தது. குளிப்பாட்டித் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்ததும் கிட்டத்தட்ட ஓடினாள்.

பிள்ளை கடையில் ஆள் நிறைய இருந்தது. எல்லாருக்கும் யுத்தப் பேச்சுதான். அவளைப் பார்த்ததும் பிள்ளை உள்ளே கூப்பிட்டு, மெதுவான குரலில், ஒரு வக்கீல் இந்தக் கடிகாரத்துக்கு இருநூற்றைம்பது தருகிறேன் என்று காலையிலிருந்து இரண்டு தடவை வந்துவிட்டார் என்றார். எலிசாளின் பார்வை அலமாரிப் பூட்டுக்குப் போயிற்று.

"பயப்படாதீங்கோ. கல்யாணக் காரியமாச்சே, கேட்டேளா? பொம்பளப்பிள்ளைக்குன்னு எடுத்து வச்சத மாத்திக் குடுத்தா எனக்குத்தான் தோஷம். பழைய விலைதான்."

அவர் எப்போது கல்யாணம் என்று கேட்டார். தை மாதம் என்றாள். அது இரண்டாவது பொய். முதலாவதைவிடச் சுலபமாக வந்தது.

அவள் தம்பி ஞானசிகாமணி மாதத்துக்கு ஒருதடவை கருப்பட்டிச் சிப்பங்களோடு சாலைக் கடைத்தெருவுக்கு வருகிறவன். மண்டியில் போட்டுவிட்டு அக்காவைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டுப் போவான். இது பிள்ளைக்கும் தெரியும். அவளே பேச்சுவாக்கில் சொன்னதுதான். ஐப்பசி மழையில் ஒருநாள் அவன் வந்தான். நனைந்த தலையைத் துவட்டக்கூட இல்லை. நேரே வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அவன் கண்கள் சிவந்திருந்தன. யாராவது இறந்துபோனார்களோ என்று அவள் நினைத்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்லியே, அக்கா," என்றான். "அந்தக் கடிகாரக் கடைக்காரர் மண்டியில வச்சு என்னப் பிடிச்சுக்கிட்டாரு. உன் மகளுக்கு உன் அக்கா என்ன எடுத்து வச்சிருக்கா தெரியுமாங்காரு. எனக்கு நிக்க முடியல்ல. நம்ம அப்பா இருந்தாக்கூட இப்படிச் செஞ்சிருக்க மாட்டாரு."

எலிசாள் அவனை உட்காரச் சொன்னாள். அடுப்பில் காப்பித் தண்ணீர் வைத்தாள். அவன் பேசிக்கொண்டே போனான். மகள் சரசம்மாவுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. அருமைநாயகம் வாத்தியாரின் மகன், அவனும் வாத்தியார் வேலைதான் பார்க்கிறான். நல்ல குடும்பம். பெண்ணுக்கு என்ன செய்வீர்கள் என்று வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் பதிலை எதிர்பார்த்து இருந்தார்கள். சொல்ல ஒன்றுமில்லாமல் மூன்று வாரமாக அவர்கள் வீட்டுப் பக்கமே போகாமல் இருந்தான். இனி நாளைக்கே போய்த் தலைநிமிர்ந்து சொல்வான்: என் பெண்ணுக்கு அவள் மாமி தங்கக் கடிகாரம் போடுகிறாள். நகையும் இல்லை, சபையில் ஒருத்தரும் குற்றம் சொல்ல முடியாது. தகப்பனுடன் பிறந்தவளை மாமி என்றுதான் அங்கே சொல்வது. அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தபோது எலிசாள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காப்பி பொங்கித் தீயை அணைத்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் அவன் ஊரில் இருந்தான். போய்ச் சொல்லலாம் என்று கிளம்பி, பஸ் நிற்கிற இடம் வரை போய், வலி கண்டுவிட்டது என்று யாராவது தேடி வரமாட்டார்களா என்று ஏங்கி, அப்படி யாரும் வராமலே வீட்டுக்குத் திரும்பினாள். சரசம்மாவுக்கே கொடுத்துவிட்டால்தான் என்ன என்றும் யோசித்தாள். யோசிக்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. சரசம்மா பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவளே அவள்தான், தங்கமான பெண். கொடுத்துவிடுவோம் என்று முடிவு செய்து படுப்பாள். விடிந்ததும் நெஞ்சில் கல்லை ஏற்றி வைத்தாற்போல இருக்கும். எல்லாம் கொடுத்தாயிற்று, வீடு, படிப்பு, வயது. இது ஒன்று. இதை மட்டும் என்று எதற்கோ எவரிடமோ மன்றாடுவாள். ஜெபத்தில் மன்றாட வெட்கமாக இருந்தது.

கார்த்திகையில் ஞானசிகாமணி மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்று சரசம்மா கேட்கவில்லை, அவனுக்குத்தான் ஆசை. வரன் ஏறக்குறைய முடிந்த மாதிரிதான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். மூன்று பேரும் கடைக்குப் போனார்கள். எலிசாள் நடுவில் நடந்தாள்.

"பொண்ணே வந்தாச்சா," என்று பிள்ளை மலர்ந்தார். வெல்வெட் துணி, அதன்மேல் கடிகாரம். ஞானசிகாமணி மூச்சை இழுத்துக்கொண்டான். கட்டிப் பார்க்கச் சொன்னார் பிள்ளை. சரசம்மா மாமியைப் பார்த்தாள். பிள்ளை கொக்கியைக் கழற்றி நீட்ட, ஞானசிகாமணியே வாங்கி மகளின் கையில் கட்டிவிட்டான். பத்தொன்பது வயதுப் பெண்ணின் கை. அந்தத் தங்கம் அங்கேயே முளைத்தது போலப் பொருந்தியது. கடைக்கு வந்திருந்த இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் நன்றாயிருக்கிறது என்று மலையாளத்தில் சொன்னார்.

எலிசாள் அதை இதுவரை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

"அதக் கழத்து, மக்கா," என்றாள். "அது எனக்கு எடுத்தது."

ஞானசிகாமணி விளையாட்டு என்று நினைத்தான் போலும், சிரிக்கப் பார்த்தான்.

"எனக்குன்னுதான் எடுத்தேன், தம்பி. இவருகிட்ட நான் பொய் சொல்லிட்டேன். சரசுக்கு இல்ல."

"உனக்கா?" என்றான். அவளை மேலும் கீழும் பார்த்தான். "இந்த வயசுலயா?"

சரசம்மாவுக்குக் கொக்கி அவிழவில்லை. எலிசாள்தான் அந்த மணிக்கட்டைப் பிடித்து, குனிந்து, கொக்கியைத் தள்ளிக் கழற்ற வேண்டியிருந்தது. பெண்ணின் நாடி குதித்தது விரலில் தெரிந்தது. சரசம்மா தகப்பனின் பின்னால் தெருவில் இறங்கினாள். ஞானசிகாமணி கடைக்காரரைக்கூடப் பார்க்காமல் போனான். தெருவில் போகும்போது அவன் தோள்கள் கூனியிருந்ததை எலிசாள் பார்த்தாள்.

பிள்ளை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கல்யாணத்துக்குன்னு சொன்னதாலயாக்கும் நான் வக்கீல வெறுங்கையா அனுப்பினேன்," என்றார். "உங்களுக்குன்னா இது யாவாரம், நர்ஸம்மா."

"வக்கீல் சொன்ன விலையே தாறேன். மாசி வரைக்கும் பொறுங்க."

"அப்பவும் எடுப்பேளா?"

"எடுப்பேன்," என்றாள். குரல் தனக்கே கடுமையாகக் கேட்டது.

அன்று இரவும் மறுநாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவளை அரித்தது ஒன்றுதான். தம்பி அந்த வாத்தியார் வீட்டில் கடிகாரம் என்று சொல்லிவிட்டான். இப்போது அவன் என்ன செய்வான்? அவளால் வரன் முறிந்தால் சரசம்மாவின் முகத்தில் எப்படி முழிப்பது? ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூடப் போகாமல் முதல் பஸ்ஸில் ஏறினாள். பஸ் ஆளுக்கு ஆள் நின்று நின்று போயிற்று. இறங்கித் தள்ளலாமா என்றிருந்தது. தக்கலையில் இறங்கி, தம்பி வீட்டுக்குப் போகாமல், வழி கேட்டுக் கேட்டு அருமைநாயகம் வாத்தியாரின் வீட்டுக்கு நடந்தாள்.

அருமைநாயகம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த, மரியாதையான மனிதர். எலிசாள் உட்காராமலே சொல்லி முடித்தாள்: கடிகாரம் பற்றி என் தம்பி சொன்னது அவன் குற்றமில்லை. நான் கடையில் சொன்ன பொய்யை அவன் நம்பிவிட்டான். கடிகாரம் எனக்கு. பெண்ணையோ தம்பியையோ நீங்கள் தப்பாக நினைக்கக்கூடாது.

"நாங்க கடிகாரம் ஒண்ணும் கேக்கல்லியே," என்றார் அருமைநாயகம்.

உள்ளேயிருந்து அவர் மனைவி தாசம்மாள் வெளியே வந்தாள். "கேக்கல்லன்னு சொல்லாதீங்க," என்றாள் கணவனிடம். பிறகு எலிசாளைப் பார்த்தாள். "நான் ஆசப்பட்டேன். எங்க சொந்தத்துல நாலு பேருகிட்டச் சொல்லியும் போட்டேன். பொண்ண எங்களுக்குப் பிடிச்சுப் போச்சு, அதுல மாத்தமில்ல. ஆனா எனக்கு வருத்தமில்லன்னு நான் சொல்லமாட்டேன்."

"சொல்ல வேண்டாம்," என்றாள் எலிசாள்.

தாசம்மாள் குடிக்க மோர் கொடுத்தாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள். எலிசாள் விடைபெற்றாள். திரும்பும் பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்திருக்கப் பார்த்தாள். இறங்கித் திரும்பிப் போய், அந்தக் கடிகாரத்தை நான் சரசுக்கே போடுகிறேன் என்று சொன்னால் எல்லாம் ஒரே நிமிஷத்தில் சரியாகிவிடும். பாலராமபுரம் வந்தது, நேமம் வந்தது. கரமனைப் பாலத்தைத் தாண்டியபோதும் அவள் இருக்கையில்தான் இருந்தாள். முந்தானையைக் கைக்குள் கசக்கிப் பிடித்திருந்தாள்.

மாசியில் கடிகாரத்தை எடுத்தாள். பிள்ளை முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் சாவி கொடுக்கும் விதத்தைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். கடையிலேயே கட்டிக்கொண்டாள். சாலைத் தெரு முழுக்க நடந்தாள். ஒருவரும் பார்க்கவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் தூக்கினார்கள், விலை பேசுகிறவர்கள் பேசினார்கள். முதலில் நிம்மதியாக இருந்தது. தெருமுனை வந்ததும் அதுவே ஒரு குறையாக இருந்தது. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள். எலும்பு தெரிகிற கை. சோப்பும் வெந்நீரும் பட்டு வெளுத்த தோல். அதில் அந்தப் பொன். அழகாக இருந்தது. சரசம்மா கையில் இருந்ததைப்போல அல்ல, வேறு மாதிரி. அவளுக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டே சிரித்தாள். பட்டை உடல்சூட்டில் வெதுவெதுப்பாகிவிட்டிருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

சித்திரையில் கல்யாணம். தம்பி அழைக்க வரவில்லை. கருப்பட்டி கொண்டுவந்த வேறொருவரிடம் சரசம்மா சொல்லியனுப்பியிருந்தாள், மாமி கட்டாயம் வரவேண்டும் என்று. எலிசாள் ஒரு பட்டுப்புடவையும் சமையல் பாத்திரங்களும் வாங்கிக்கொண்டு போனாள். பஸ்ஸில் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். எடுத்துக் கட்டினாள். இரணியல் போகும் சாலை பிரிகிற இடத்தில் மறுபடி கழற்றினாள். சபைக் கோவில் வாசலில் இறங்கியபோது கையில்தான் இருந்தது.

பாதிரியார் வரத் தாமதமானது. கோவிலை ஒட்டிப் போட்ட பந்தலில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஞானசிகாமணி புதுவேட்டியில் இங்கும் அங்கும் நடந்தான். நேரமாகிவிட்டதோ என்று ஆகாயத்தைப் பார்த்தான். எலிசாள் அவனுக்கு இரண்டடி தள்ளி நின்றாள். அவன் அவள் கையைப் பார்த்தான். பார்த்துவிட்டு, பந்தலின் அந்தக் கோடிவரை நடந்துபோய், மாப்பிள்ளை வீட்டார் ஒருவரிடம் மணி என்ன என்று கேட்டான். அவர் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துச் சொன்னது எலிசாளுக்கும் கேட்டது. பக்கத்தில் நின்ற பெண்களுக்கும் கேட்டது. தாசம்மாள் தரையைப் பார்த்தாள்.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. தம்பி வீட்டில் சாப்பாடு முடிந்து, பெண் மாப்பிள்ளை புறப்படும் முன், சரசம்மா அவளை வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

"மாமி, நீங்க அப்பாகிட்ட மன்னிப்புக் கேக்கணும்," என்றாள். "கடிகாரத்துக்கு இல்ல. அது நீங்க பாடுபட்ட காசு, நீங்க எடுத்தீங்க. கடையில நாலு பேருக்கு முன்னால வச்சுச் சொன்னீங்க பாருங்க, அதுக்கு. அப்பா அன்னைக்கு வீடு வரைக்கும் வாய் திறக்கல்ல."

"உனக்கு எம்மேல கோபமில்லியா, மக்கா?"

சரசம்மா யோசித்தாள். "இருந்தது," என்றாள். மாமியின் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுப் போனாள்.

கூட்டம் கலைந்த பிறகு ஞானசிகாமணி வீட்டுப் பந்தலின் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தான். எலிசாள் போய் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டாள். கடையில் வைத்து அப்படிச் சொன்னது தப்பு என்றாள். வீட்டில் வைத்தே சொல்லியிருக்க வேண்டும், சொல்லத் தைரியம் வரவில்லை என்றாள். அவன் முடிச்சை அவிழ்ப்பதை நிறுத்தவில்லை.

"மொதல்லயே எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லா," என்றான் கடைசியில். "வேண்டாம்னா சொல்லப் போறேன்?"

வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பான். அது அவளுக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்க்காமல் அவன் சொன்ன விதத்தில், அவனுக்கும் தெரியும் என்று பட்டது. கயிற்றைச் சுருட்டி அவன் கையில் கொடுத்தாள். அவன் ராத்தங்கிப் போகச் சொன்னான். கரமனையில் ஒருத்திக்கு எந்த நேரமும் வலி வரலாம், போயே ஆகவேண்டும் என்றாள். அது பொய்யில்லை.

பஸ் போகும் சாலை வரைக்கும் அவனே பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பஸ் வந்ததும் ஓலையில் கட்டிய கருப்பட்டியை ஜன்னல் வழியாக நீட்டினான். வாங்கும்போது அவள் முந்தானை விலகி, கடிகாரம் வெளியே தெரிந்தது. அவன் அதைப் பார்த்தான். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. கூட்டமாயிருக்கிறது, கையைப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொள் என்றான்.

பஸ் கிளம்பியது. எலிசாள் கருப்பட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வலி கண்டிருக்குமோ, யாரும் தேடி வந்திருப்பார்களோ என்று கரமனைப் பெண்ணை நினைத்துக்கொண்டே, ஒவ்வொரு நிறுத்தத்திலும் இன்னும் எவ்வளவு தூரம் என்று எட்டி எட்டிப் பார்த்தபடி போனாள்.